‘கரூர் கைத்தறி’ டேபிள் கிளாத் வாங்கி ஏமாந்த கதை: பீரோவில் வைக்கும் முன் படித்துவிடுங்கள்

நான் இருப்பது திருச்சியில். கரூருக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். மேசை விரிப்பு, நாப்கின், கிச்சன் டவல் என்று உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிற ஊர் அது. அந்த ஊரை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் ஓடிய ஒரு ரீல்ஸைப் பார்த்து ‘கரூர் கைத்தறி டேபிள் கிளாத்’ வாங்கி ஏமாந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்.

மகளுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்தபோது சம்பந்தி வீட்டாரும் சாப்பிட வருவதாகச் சொன்னார்கள். எங்கள் டைனிங் டேபிளில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பிளாஸ்டிக் விரிப்புதான். ஆரஞ்சுப் பழமும் திராட்சையும் போட்டது. சூடான குக்கரை வைத்து வைத்து ஒரு பக்கம் வட்டமாக வெளுத்திருந்தது. சம்பந்தி வரும் அன்றாவது துணி விரிக்கலாமே என்று ஆசைப்பட்டேன்.

ரீல்ஸில் ஒரு பெரியவர் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட விரிப்பு, சிவப்புக் கரை வைத்த ஆறு வெள்ளை நாப்கின்கள். ‘நூறு சதவீதம் பருத்தி, கைத்தறி, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், 60க்கு 90 அங்குலம், 220 ஜிஎஸ்எம்’ என்று எழுதியிருந்தார்கள். செட் 1,850 ரூபாய். யுபிஐயில் பணம் அனுப்பினேன். பில் கேட்டதற்கு “பார்சல்ல இருக்கும் மேம்” என்றார்கள். பார்சலில் பில் இல்லை. அனுப்புநர் முகவரியில் கரூரும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. ‘குடோன் வேறு இடத்தில் இருக்கும்’ என்று நானே அவர்களுக்காக ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. கவரைப் பிரித்தேன், மேலாகத் தடவினேன், மொடமொடவென்று கஞ்சி போட்டது போல இருந்தது, நன்றாக இருக்கிறதே என்று அப்படியே மடித்து, அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். நல்ல நாளுக்கு என்று எடுத்துவைப்பது நமக்குப் பிறவிக் குணம். பட்டுப் புடவை என்றால் கடையிலேயே பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம். போனில் வாங்கிய மேசை விரிப்பை, விருந்தாளி வரும் வரை ஒருவரும் பிரிப்பதில்லை. விற்பவர்கள் கொடுக்கும் அவகாசமோ ஏழு நாள். நம்முடைய பீரோ பழக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மூன்றரை வாரம் கழித்து, சம்பந்தி வருவதற்கு முதல் நாள், கஞ்சி போகட்டும் என்று செட்டை வாளியில் நனைத்தேன். ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் குங்குமம் கரைத்தது போல ஆகிவிட்டது. ஆறு வெள்ளை நாப்கின்களும் ரோஸ் நிறம். புதுத் துணியைத் தனியாக நனைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே செட்டாக விற்றது ஒன்றையொன்று கெடுக்கும் என்று நினைக்கவில்லை. அம்மா போனில், “கல்லுப்பு போட்டு ஊறவை, சாயம் நின்னுடும்” என்றார். ஊறவைத்தேன், நிற்கவில்லை. சாயம் போடும்போது நூலில் ஏறுவதற்கு உப்பு சேர்ப்பார்கள்தான். அங்கே சரியாகப் பிடிக்காமலும், மிச்சச் சாயம் அலசிப் போகாமலும் வந்த துணியை வீட்டு உப்பு என்ன செய்யும்?

காய்ந்ததும் இஸ்திரி போட்டேன். பருத்திதானே என்று சூட்டைக் கூட்டி வைத்தேன். பெட்டி இழுத்துக்கொண்டு நின்றது. எடுத்துப் பார்த்தால் அந்த இடம் எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று இருக்கிறது. அந்த நிமிடம்தான் வயிற்றில் பகீரென்றது.

சரி, விரித்தாவது பார்ப்போம் என்று மேசையில் போட்டேன். எங்கள் மேசை ஆறடிக்கு மூன்றடி, அதாவது 72க்கு 36 அங்குலம். 60க்கு 90 விரிப்பு என்றால் நீளவாக்கில் இரண்டு முனையிலும் 9 அங்குலம், பக்கவாட்டில் 12 அங்குலம் தொங்க வேண்டும். பக்கவாட்டில் பத்தரை தொங்கியது, முனைகளில் ஐந்துதான். ஓரத் தையல் எல்லாம் சுருங்கி, முன்னால் தூக்கிக் கட்டிய வேட்டி மாதிரி நின்றது. டேப் வைத்து அளந்தேன்: அகலம் 57, நீளம் 82. துவைக்கும் முன் அளக்கவில்லை. அதனால் எத்தனை அங்குலம் சுருங்கியது, எத்தனை அங்குலம் ஆரம்பத்திலேயே குறைவு என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. விற்ற ஆளும் பின்னால் துவைத்ததைத்தான் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் விருந்துக்கு என்ன விரித்தேன் தெரியுமா? சென்னிமலை போர்வை. புதிதாக மடிப்புக் கலையாமல் இருந்த ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டேன். சம்பந்தியம்மா, “டேபிள் கிளாத் அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். ஈரோட்டுப் பக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். பொய் இல்லை.

என் கொழுந்தனார் கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல வருடம் இருந்தவர். அவரும் அன்று வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் விரிப்பைக் கொண்டுவந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத் தையலைப் பிரித்தார். உள்ளே மடிந்திருந்த இடத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்தினார். காகிதம் எரிந்த வாசனை, பூப்போல சாம்பல். “பருத்திதான் போலிருக்கே தம்பி!” என்றேன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“இருங்க அண்ணி. இது பாவு, நீளவாக்குல ஓடுற நூல். குறுக்கே போற ஊடையையும் கொளுத்திப் பார்க்கணும்.”

ஊடை நூலை உருவிக் கொளுத்தினார். அது எரியவில்லை, உருகியது. முனையில் கருப்பாக ஒரு குண்டுமணி. ஆறியதும் நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை. நீளவாக்கில் பருத்தி, குறுக்குவாக்கில் பாலியஸ்டர். அதனால்தான் நீளத்தில் சுருங்கி, அகலத்தில் அசையாமல் நின்றிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி இழுத்ததும் அதனால்தான். ஒரு நூலை மட்டும் கொளுத்திப் பார்த்திருந்தால் நான் மறுபடியும் ஏமாந்திருப்பேன்.

அப்புறம் கரையைக் காட்டினார். கைத்தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர், அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும். அதனால் ஊடை நூல் ஓரத்தில் வளைந்து திரும்பும், கரை மூடியிருக்கும். இதிலோ ஒவ்வொரு நூலும் ஓரத்தில் வெட்டுப்பட்டு, சீப்புப் பல் போல நீட்டிக்கொண்டிருந்தது. நாடாவே இல்லாத வேகத் தறியில் ஓடிய துணி. கரை மூடியிருந்தாலே கைத்தறி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாதாம். நாடா வைத்த விசைத்தறியிலும் அப்படித்தான் வரும். ஆனால் கரையே இப்படி வெட்டுப்பட்டிருந்தால் அது கைத்தறி இல்லை, அவ்வளவுதான்.

எடை விஷயமும் அவர் சொன்னதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் துணிக்கு ஒரு சேதமும் இல்லை. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 60க்கு 90 அங்குலம் என்றால் சுமார் மூன்றரை சதுர மீட்டர். 220 ஜிஎஸ்எம் என்றால் விரிப்பு மட்டும் 765 கிராம் பக்கம் நிற்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன்: 390 கிராம். குறைந்திருக்கும் அளவைக் கணக்கில் எடுத்தாலும் 130 ஜிஎஸ்எம் கூடத் தேறாது. கஞ்சிதான் அதற்கு முரட்டுத்தனம் கொடுத்திருந்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், குப்பைக்குப் போகாமல் கிடந்த பார்சல் கவரில் கூரியர் சீட்டிலேயே 0.6 கிலோ என்று அச்சடித்திருந்தது. அவர்கள் சொன்ன கனத்தில் இருந்தால் நாப்கின்களும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். கவரைப் பிரிக்கும் முன்பே தெரிந்திருக்கும், எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

நாப்கினைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஈரக் கையைத் துடைத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது, உறிஞ்சவே இல்லை. கை துடைக்கும் துணிக்கு அதைவிட என்ன வேலை?

வாட்ஸப்பில் படங்களோடு எழுதினேன். முதல் பதில்: “வாஷ் பண்ணின பொருள் ரிட்டர்ன் இல்லை மேம்.” சாயம் போகிறதா என்று துவைக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “செவன் டேஸ் முடிஞ்சிடுச்சு மேம்.” பாலியஸ்டர் நூல் உருகிய வீடியோவை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது: “ஹேண்ட்லூம்னா கலர் கொஞ்சம் போகத்தான் மேம் செய்யும். பிரிஃபர் பண்ணலைன்னா பவர்லூம் வாங்கிக்கோங்க.”

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்றுவிட்டு, அதன் குறையைக் கைத்தறி தலையில் கட்டுகிறார்கள். இதைக் கேட்டு எத்தனை பேர் இனி கைத்தறியே வேண்டாம் என்று போவார்கள்? என் 1,850 ரூபாய் போனதைவிட இதுதான் உறுத்துகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், புகார் எண் வந்தது. விற்றவரிடமிருந்து பதில் வரவில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். விதி நன்றாகத்தான் இருக்கிறது. பெயரும் முகவரியும் இல்லாமல் வெறும் ஒரு போன் நம்பராக இருக்கும் ஆளிடம் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். “ஆட்டோ செலவு தாண்டிடும்” என்கிறார் வீட்டுக்காரர். பார்ப்போம்.

நீங்கள் போனில்தான் வாங்குவீர்கள் என்றால், பார்சல் வந்த அன்றே உட்காருங்கள். பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள், கூரியர் சீட்டும் அதில் தெரியட்டும். அளந்து, எடை போட்டு, அந்த எண்ணும் வீடியோவில் விழ வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, சிவப்பு இருக்கும் இடத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வாளியிலும் ஏறும். துவைத்ததாக யாரும் சொல்லவும் முடியாது. நாப்கினில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நின்று பாருங்கள். ஓர மடிப்புக்குள்ளிருந்து பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று நூல் உருவிக் கொளுத்துங்கள். கொளுத்தும்போது பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், கையில் பிடிக்காதீர்கள், உருகிய சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். கைத்தறி என்று சொன்னால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். 2006லிருந்து மத்திய அரசு கொடுக்கும் அடையாளம் அது. முத்திரை இல்லாத நல்ல கைத்தறியும் உண்டு, ஆனால் கேட்டதும் எதிராளி பேசுகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

போன மாதம் கொழுந்தனாரோடு கரூருக்கே போய் ஒரு விரிப்பு வாங்கினேன். கடைக்காரர் கேட்காமலேயே, “இது விசைத்தறிங்கம்மா, காட்டன்தான், நாலு அங்குலம் சுருங்கும், அதுக்குத் தகுந்த மாதிரி பெருசா எடுத்துக்கோங்க” என்றார். பில்லும் கொடுத்தார். சாம்பார் கொட்டினால் சோப்பு போட்டதும் கறை சிவக்கிறது. மஞ்சளுக்கும் சோப்பு காரத்துக்கும் ஆகாது. இரண்டு நாள் வெயிலில் போட்டால் மங்கிவிடுகிறது. ஏமாந்து வாங்கிய அந்த விரிப்பு இப்போது வாஷிங் மெஷின் மேல் கிடக்கிறது.

நேற்று மகள் போனில் ஒரு ரீல்ஸ் அனுப்பினாள். பக்கத்தின் பெயர் வேறு. அதே பெரியவர், அதே தறி, அதே சிவப்பு பச்சைக் கட்டம். செட் 1,650 ரூபாய். ‘பாவு எந்த நூல், ஊடை எந்த நூல்?’ என்று கீழே கேட்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.