ஆறு ஆண்டுகள், ஒரு துளை

தோழி ஒருத்தி நேற்றிரவு கேட்டாள்: “பிரெட் மெஷின் தள்ளுபடியில் வந்திருக்கிறது. உன்னிடம்தான் வெகுநாளாக இருக்கிறதே, வாங்கலாமா?” கேட்ட நேரம் சரியில்லை. பிரெட் மெஷின் என்றால் மாவு, தண்ணீர், ஈஸ்ட் போட்டுவிட்டால் தானே பிசைந்து, பொங்கவைத்து, ரொட்டியாகச் சுட்டுத் தரும் பெட்டி. பழுதுபார்க்கப் போன என் இயந்திரம் மூன்று வாரம் கழித்து நேற்று மாலைதான் வீடு திரும்பியிருந்தது. ஆசையாக மாவை அளந்து போட்டு, டைமர் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கவிழ்த்தபோது ரொட்டியின் அடிப்பாகம் பிய்ந்து கலத்திலேயே ஒட்டிக்கொண்டது. கையகலப் பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன் என்பதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வாட், எத்தனை நிரல் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். என்னுடையதில் பன்னிரண்டு நிரல்கள். ஆறு ஆண்டுகளில் நான் பயன்படுத்துவது மூன்று: சாதாரண ரொட்டி, முழுக்கோதுமை ரொட்டி, மாவு பிசைவது மட்டும். ஜாம் செய்யும் நிரலை ஒரே ஒரு முறை தொட்டேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

துளைக்கு வருவோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலத்தின் அடியில் ஓர் அச்சு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கட்டைவிரல் அளவுத் துடுப்பு ஒன்றைச் செருக வேண்டும். கையேட்டில் அதற்குப் பெயர் ‘பிசையும் துடுப்பு’. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. மாவைப் பிசைவது அது. பொங்கிய மாவை நடுவில் அமுக்கிவிடுவதும் அது. வேலை முடிந்தபின் எங்கும் போகாது. மாவு அதைச் சுற்றியே பொங்கி, அதைச் சுற்றியே வெந்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நல்ல நாளில் துடுப்பு கலத்தில் தங்கிவிடும். ரொட்டியின் அடியில் ஒரு கீறல் மட்டும் தெரியும். கெட்ட நாளில் ரொட்டிக்குள் புதைந்துகொண்டு வரும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். அப்புறம் நடுவில் வெட்டும் மூன்று துண்டுகளுக்கும் ஓட்டை. அதில் வெண்ணெய் தடவினால் பாதி தட்டுக்குப் போகும்.

நியாயமாகச் சொல்கிறேன். இந்த ஒன்றைத் தவிர இயந்திரத்தின் மேல் எனக்குக் குறை கிடையாது. 500 கிராம் மாவு, 320 கிராம் தண்ணீர், 9 கிராம் உப்பு, 20 கிராம் வெண்ணெய், 5 கிராம் உலர் ஈஸ்ட். வெயில் காலத்தில் ஈஸ்ட்டை 4 கிராமாகக் குறைத்துவிடுவேன், இல்லையென்றால் மாவு அவசரப்பட்டுப் பொங்கி, வேகும்போது நடுவில் குழி விழும். கரண்டியால் அளந்த காலத்தில் ஒரு நாள் செங்கல், ஒரு நாள் பஞ்சு. தராசு வாங்கியபின் ஆறில் ஐந்து ரொட்டி ஒரே மாதிரி வருகிறது. பகலில் செய்வதாக இருந்தால், பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்ப்பேன். மாவு ஒரே உருண்டையாகச் சுழல வேண்டும். தொட்டால் விரலில் லேசாக ஒட்டி உடனே விட வேண்டும். சுவரெல்லாம் அப்பியிருந்தால் ஒரு கரண்டி மாவு, வறண்டு தடதடத்தால் ஒரு கரண்டி தண்ணீர். கையேட்டின் நாற்பது பக்கங்களில் உருப்படியானது இந்த ஒரு விஷயம்தான். அதையும் முப்பத்தோராம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிது அந்த டைமர். இரவு பத்து மணிக்குத் தண்ணீர், அதன்மேல் மாவு, மாவின் உச்சியில் ஒரு குழி செய்து ஈஸ்ட் என்று போட்டுவிட்டுப் படுத்தால், காலை ஆறு மணிக்கு வீடே மணத்தால் எழுந்துகொள்ளும். ஈஸ்ட் தண்ணீரைத் தொடாமல் மேலே காய்ந்து கிடக்க வேண்டும், பாலும் முட்டையும் இரவெல்லாம் வெளியில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. அலாரம் வைத்து எழுப்ப முடியாத என் மகள் இந்த மணத்துக்கு எழுந்திருக்கிறாள். யாருடைய வீட்டுக்காவது காலையில் போவதாக இருந்தால் கையில் வெதுவெதுப்பான ரொட்டி இருக்கும். ஆறு ஆண்டுகளில் உறவிலும் நட்பிலும் நான் சம்பாதித்த நல்ல பெயரில் பாதி இந்த டைமருடையது.

இந்த இயந்திரம் உருவான கதை எனக்குப் பிடிக்கும். 1980-களில் ஜப்பானில் மட்சுஷிடா (இன்றைய பானசோனிக்) நிறுவனத்தார் வீட்டுக்கான ரொட்டி இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்தபோது, மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. இக்குகோ தனாகா என்ற மென்பொருள் வல்லுநர், ஒசாகாவில் ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒரு ஹோட்டலுக்குப் போய்த் தலைமை ரொட்டிக்காரரிடமே பயிற்சி எடுத்தார். ரொட்டிக்காரர் மாவைப் பிசைவதோடு நிற்காமல் இழுத்து முறுக்குவதைத் தனாகா கவனித்தார். அந்த முறுக்கலைக் கொண்டுவரக் கலத்தின் உட்சுவரில் வரிவரியாக முண்டுகள் வைத்தார்கள். அதன்பின்தான் ரொட்டி ரொட்டியாக வந்தது. என்னுடையது வேறு நிறுவனத்தின் தயாரிப்பு, ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு முறை ரொட்டியைத் தோண்டும்போதும் அந்தத் தலைமை ரொட்டிக்காரரை நினைத்துக்கொள்வேன். அவர் இழுத்தார், முறுக்கினார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். கையை எடுத்துக்கொள்வதை மட்டும் இயந்திரத்துக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நமக்கென்றால் துளையோடு தின்றுவிட்டுப் போகலாம். கொடுக்கும்போதுதான் சிக்கல். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், புதுவீடு போன நண்பருக்கு ரொட்டி செய்து, நன்றாக ஆறவைத்து, துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். (ஆறாமல் மூடினால் உள்ளே வேர்த்து, மறுநாளே மேல்தோல் சவசவத்துவிடும். இரண்டு மணி நேரமாவது கம்பித் தட்டில் கிடக்க வேண்டும்.) மாலையில் அவரிடமிருந்து தொலைபேசி. “ரொட்டி அருமை. உள்ளே இருந்த சாவி எந்தப் பூட்டுக்கு?” என்று கேட்டார். கத்தி துடுப்பில் இடித்திருக்கிறது. நல்லவேளை, யாருடைய பல்லும் இடிக்கவில்லை. அவர் ஊருக்குப் போய்த் திரும்பித் துடுப்பைத் தரும் வரை ஒன்பது நாள் என் இயந்திரம் வெறும் பெட்டி. யானை கொட்டிலில் நிற்கிறது, அங்குசம் நண்பர் வீட்டுச் சமையலறையில். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: துடுப்பைக் கண்ணால் பார்க்காமல் ரொட்டி வாசல் தாண்டக் கூடாது.

சரி, துளையைத் தவிர்க்க வழியே இல்லையா? இருக்கிறது. எரிச்சலே அங்குதான். கடைசியாக மாவை அமுக்கியபின் இறுதிப் பொங்கல் தொடங்கும் அல்லவா, அந்த நேரத்தில் மூடியைத் திறந்து, கையை நனைத்து, மாவைத் தூக்கித் துடுப்பைக் கழற்றிவிட்டு மாவை மறுபடி வைத்துவிடலாம். மிஞ்சுவது அச்சின் அடையாளமாக விரல்நுனி அளவு ஓட்டைதான். என் இயந்திரத்தில் அந்த நேரம், ரொட்டி தயாராவதற்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் முன்பு வரும். காலை ஆறு மணி ரொட்டிக்கு, விடியற்காலை நாலேகால். நாலேகாலுக்கு எழுந்து ஈரக்கையோடு நிற்பதற்கா டைமர்? தூங்கினால் துளை, துளை வேண்டாமென்றால் தூக்கம் கிடையாது. ஆறு ஆண்டுகளாக இந்தப் பேரத்தில் நான் தூக்கத்தின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன். சாய்ந்துவிட்டுத் துளையைத் திட்டவும் செய்கிறேன். இரண்டுக்கும் எனக்கு உரிமை உண்டு.

மற்ற வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துடுப்பின் ஓட்டைக்குள்ளும் அச்சின்மேலும் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பத்துக்கு எட்டு முறை ரொட்டி கழன்று வரும். வெந்ததும் கலத்தை வெளியில் எடுத்துப் பத்து நிமிடம் விட்டு, கலத்தின் அடிப்புறத்தில் அச்சைத் திருப்பும் சிறகு போன்ற பிடியை இருபுறமும் லேசாக ஆட்டிவிட்டுக் கவிழ்க்க வேண்டும். தோண்டுவதற்கென்று பெட்டியில் ஒரு இரும்புக் கொக்கி தருவார்கள். அதைக் கலத்துக்குள் விடாதீர்கள். ஒட்டாப் பூச்சு மூன்றாம் ஆண்டே என்னுடையதில் உரியத் தொடங்கியதற்கு அந்தக் கொக்கிதான் காரணம். பிசைந்து முடித்ததும் மடங்கிப் படுத்துக்கொள்ளும் துடுப்புள்ள இயந்திரங்களும் வந்திருக்கின்றன. உறவினர் வீட்டில் ஒன்றைப் பார்த்தேன்: துளை சின்னது, ஆனால் அந்த மடிப்புக்குள் சிக்கிய மாவைச் சுரண்டி எடுக்கப் பல்குச்சி தேவைப்பட்டது. நீளவாட்டுக் கலமும் இரட்டைத் துடுப்பும் உள்ளவை ரொட்டியின் வடிவத்துக்கு நல்லவை. துளைகளும் இரண்டு.

இப்போது பழுதுக்கு வருகிறேன். போன மாதம் மோட்டார் உறுமியது, துடுப்பு அசையவில்லை. மோட்டாரின் சுழற்சியைத் துடுப்புக்குக் கொண்டுபோகும் பெல்ட் தேய்ந்து வழுக்கியிருக்கிறது. பழுதுபார்ப்பவர் அரை மணி நேர வேலை என்றார். அந்த அரை மணி நேரத்துக்கு மூன்று வாரம் ஆனது. பெல்ட் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது.

அந்த மூன்று வாரத்தில் கனமான மூடிபோட்ட இரும்புப் பாத்திரத்தில் பிசையாத ரொட்டி செய்தேன். நியூயார்க்கின் ஜிம் லாஹி என்ற ரொட்டிக்காரரின் முறை. 2006-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்து உலகம் சுற்றியது. 400 கிராம் மாவு, 300 கிராம் தண்ணீர், 8 கிராம் உப்பு, ஈஸ்ட் கால் தேக்கரண்டிதான். கரண்டியால் கலந்து மூடிவிட்டால் 12 முதல் 18 மணி நேரம் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. மாவில் தண்ணீர் தாராளமாக இருப்பதால், பிசையாமலேயே அதன் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. கை செய்கிற வேலையை நேரம் செய்துவிடுகிறது. பிறகு மாவை மடித்து உருட்டி, இன்னும் ஓரிரு மணி நேரம் பொங்கவிட்டு, ஓவனுக்குள் 230 டிகிரியில் காய்ந்து கிடக்கும் பாத்திரத்தில் போட்டு மூடி அரை மணி நேரம், திறந்து கால் மணி நேரம். மாவிலிருந்து வரும் நீராவி மூடிக்குள் அடைபட்டு மேல்தோலை ஈரமாக வைத்திருப்பதால், ரொட்டி தடையில்லாமல் உப்புகிறது. வெளியில் எடுத்ததும் மேலோடு ஆறும்போது படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். முதல் நாள் நானும் மகளும் காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டோம். அடியில் துளை இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

அப்படியானால் இயந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்றால், அதுவும் முடியவில்லை. அந்த அழகான மேலோட்டை என் மாமனாரால் கடிக்க முடியவில்லை. பல்செட் போட்டவர். மரியாதைக்கு ஒரு துண்டை வெகுநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு, “அந்தப் பழைய மெஷின் எப்போது வரும்?” என்று கேட்டார். மேலும் வெண்ணெய், பால் எதுவும் இல்லாத ரொட்டி மறுநாளே உலர்ந்துபோகிறது. கொடுத்துவிட்டு, “இன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்” என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இயந்திரத்தில் வெண்ணெய் சேர்த்துச் செய்தது மூன்று நாள் மெத்தென்று இருக்கும், குளிர்பெட்டியில் வைக்காதவரை. (குளிர்பெட்டிக்குள் ரொட்டி வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். மாவுச்சத்து மறுபடி இறுகுவதற்கு அந்தக் குளிர்தான் வசதி. நீண்ட நாள் வேண்டுமானால் துண்டு போட்டு உறைபெட்டியில் வையுங்கள்.) தவிர, பாத்திர ரொட்டிக்குக் காயும் நேரத்தையும் சேர்த்தால் அடுப்பருகில் ஒன்றேகால் மணி நேரம் நிற்க வேண்டும். காலையில் அது எனக்கு முடியாது.

பழுதிலிருந்து திரும்பிய இயந்திரம் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. மேசையில் நடந்துபோகும் பழக்கம் நின்றுவிட்டது. பிசையும் சத்தத்துக்கு இப்போது பக்கத்து அறையில் தூங்கலாம். இன்று காலை ரொட்டி பிய்ந்ததற்குக்கூட அதைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று வாரப் பிரிவில் எண்ணெய் தடவ மறந்தது நான்தான்.

இருந்தாலும் தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஆறு ஆண்டுகளாக வாரம் இரண்டு ரொட்டி தந்த பொருளைப் பற்றி இப்படிச் சொல்வது அநியாயம்தான். இன்றிரவுக்கும் அதில் மாவு போட்டாகிவிட்டது, டைமரும் வைத்தாகிவிட்டது. அதனால் என்ன? பள்ளம் விழுந்த ரொட்டி இதோ மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது. வேறு பதில் வேண்டுமென்றால் போன மாதம் கேட்டிருக்க வேண்டும்.

தள்ளுபடி என்று கண்ணில் பட்டுவிட்டால் நீ என் பேச்சைக் கேட்கப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். வாங்குவதானால் அன்றைக்கே உபரித் துடுப்பு ஒன்றும் உபரி பெல்ட் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடு. மாடல் மாறிவிட்டால் இரண்டும் கிடைக்காது. மாடல் எண் இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும்; சூட்டில் அந்த எழுத்து அழிந்துவிடும், முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொள்.