திருவையாறு அசோகா: நின்று தின்னப் போங்கள், பார்சலுக்காகப் போகாதீர்கள்

எனக்கு மாயவரம். திருவையாற்றுக்கு இதற்குமுன் இரண்டு தடவை தை மாத ஆராதனைக்குப் போய், கூட்டத்தில் நசுங்கித் திரும்பியதுதான் மிச்சம். இந்தத் தடவை சித்தப்பாவோடு சும்மா ஒரு புதன்கிழமை. தஞ்சாவூரில் பஸ் ஏறினால் 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து பாலம் தாண்டியதும் ஊர் வந்துவிடும், பெயருக்கு விளக்கம் ஜன்னலோரத்திலேயே கிடைத்துவிடுகிறது.

மத்தியானம் போனது எங்கள் தப்பு. கோயில் நடை சாத்தியாகிவிட்டது, நாலு மணி வரை வேலையில்லை. ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம், ஆறிப்போன சாம்பார், அதை விடுங்கள்.

அப்புறம் அசோகா. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுகிற பண்டம். திருநெல்வேலி அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்குகிற ரகம் இல்லை, நாக்கில் மெத்தென்று கரையும்போதே பருப்பு லேசாக நெருடும், அந்த நெருடல்தான் விஷயமே. நாங்கள் போனபோது வாணலியில் ஓரம் விட்டு நெய் கக்கிக்கொண்டிருந்தது. வாழை இலைத் துண்டில் ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார்கள், சூட்டில் இலை கறுத்து வாசனை வந்தது. "மெதுவா சாப்பிடுங்க சார், சுடும்" என்றார் கடைக்காரர், சித்தப்பா அதற்குள் வாயைச் சுட்டுக்கொண்டாயிற்று.

பஸ் வருகிற அவசரத்தில் இன்னொரு கடையில் அரைக்கிலோ பார்சல் கட்டினேன். அது வேறு கதை. நெய்யா டால்டாவா என்றே தெரியவில்லை, மறுநாள் காலையில் அண்ணத்தில் பிசுக்காக ஒட்டியது, கலர் மட்டும் கையில் பிடித்துக்கொண்டது. நல்ல கடைச் சரக்கே ஆறினால் பாதி ருசிதான். அத்தை சொல்கிறபடி இரண்டு ஸ்பூன் பால் தெளித்து இரும்புச் சட்டியில் சூடு காட்டினால் கொஞ்சம் தேறும்.

நாலு மணிக்கு ஐயாறப்பர் கோயில். அப்பருக்குக் கயிலாயக் காட்சி கிடைத்த தலம். பிரகாரத்தில் ஓர் இடத்தில் நின்று "ஐயாறப்பா" என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். சித்தப்பா தொண்டை கிழியக் கத்தினார், நான் எண்ணியது ஐந்து, பக்கத்தில் இருந்த பாட்டி ஏழு என்று அடித்துச் சொன்னார், சரி, ஏழு. அங்கிருந்து காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. 1847இல் அவர் மறைந்தபிறகு கவனிப்பாரில்லாமல் கிடந்த இடத்துக்குப் பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பினார். ஆராதனைக்குக் கால் வைக்க இடமில்லாத அந்த மணலில் அன்றைக்கு நாங்களும் ஒரு நாயும் மட்டும். ஆற்றில் தண்ணீர் நுங்கும் நுரையுமாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மணி நேரம் அசையவில்லை நாங்கள்.

திரும்பும்போது முதல் கடைக்கே போய் ஆளுக்கு இன்னொரு இலை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, சித்தியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.