எங்கள் வீட்டு மாட்டு மீனும் மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்

நேற்று மூன்றாவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் போனது. உள்ளே பச்சை பூத்து, ஒரு ஓட்டை கரியாகி, மீன் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லரின் பிளக்கைப் பிடுங்கினால் வர மாட்டேன் என்கிறது. அதே சாயங்காலம், சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலிருந்து நண்பன் போன் செய்கிறான்: "மச்சி, உன்கிட்ட இருக்குற அந்த முக்கோண மீன் ஒண்ணு கடைக்கு வந்திருக்கு, விலையைக் குறைச்சுத் தர்றாங்க, எடுக்கட்டுமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, அதனால் கொஞ்சம் ஆறிய பிறகு இதை எழுதுகிறேன்.

கடல் மீன் தொட்டியின் அடிப்படை தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன், அதற்குள் போகவில்லை. தொட்டி நாலடிக்கு ரெண்டடிக்கு ரெண்டடி, சுமார் 450 லிட்டர், தண்டையார்பேட்டையில் தரைத்தளம். மீன், டெட்ரோசோமஸ் கிப்போசஸ். கடைக்காரர்கள் ஹம்ப்பேக் டர்ரெட் என்பார்கள், சிலர் கேமல் கவ்ஃபிஷ் என்பார்கள். எல்லோரும் ஆசைப்படும் மஞ்சள் பெட்டி மீனும் இல்லை, நெற்றியில் ரெண்டு கொம்பு வைத்த லாங்ஹார்னும் இல்லை. எதிரே நின்று பார்த்தால் அசல் சமோசா, முதுகில் திமில், திமில் மேல் ஒரு முள். நம் கடலிலேயே இருக்கும் மீன்தான். காசிமேட்டில் வலைக்கு வந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். படகில் போகும் பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு, "கடமாடு... இதுக்கா ஏசி போட்டு வெச்சிருக்க?" என்று கேட்டார். ஏசி என்று அவர் சொன்னது சில்லரை.

2023 பொங்கல் முடிந்து வாங்கியபோது ஆள்காட்டி விரல் நீளம், இப்போது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்பதை நான் வாங்கிய கடையில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது துப்புகிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸெல்லாம் போனது அந்த உப்புத் தண்ணீரால்தான். கடலில் இந்த ஜாதி மீன்கள் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கிளறித்தான் புழு பூச்சி தேடும். என் தொட்டியிலும் முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்தது, மணலில் சின்னச் சின்னக் குழியாகப் பறித்துக்கொண்டு, பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம் சாப்பாடு மேலேயிருந்து வருகிறது, அதைப் போடுகிற ஆள் காலை ஏழு மணிக்கு லுங்கியோடு வருவான் என்று புரிந்துகொண்டது. அன்றிலிருந்து என்னைக் கண்டால் மேலே வந்து, வாயை வெளியே நீட்டி, பிச்சு பிச்சு என்று ஆரம்பித்துவிடும். மற்ற மீன்களும் துள்ளும், நனைக்கும், ஆனால் இது குறி பார்த்து அடிக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். மூடிக்கு வலை போட்டேன், வலை வழியாக வருகிறது. அக்ரிலிக் போட்டேன், சாப்பாடு போட விட்ட இடைவெளி வழியாக வருகிறது. சுவரெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. ஏற்கெனவே எங்கள் பக்கம் கடல் காற்றே ஜன்னல் கம்பியைத் தின்கிறது, இதில் வீட்டுக்குள்ளும் ஒரு கடல்.

நியாயமாகச் சொன்னால் பாதித் தப்பு என்னுடையது. சாப்பாட்டை மேலே மிதக்கவிட்டுப் பழக்கினால் காற்றையும் சேர்த்து விழுங்கி உடம்புக்கு ஆகாது என்று தெரிந்த பிறகும் நான் விடவில்லை, ஏனென்றால் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடும் மீனைப் பார்த்தால் யாருக்கும் நிறுத்த மனசு வராது. இப்போது இடுக்கியால் தண்ணீருக்குள்ளே கொடுக்கிறேன். எறாவும் கடம்பாவும் (கணவாய்) பொடியாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்தது, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வாய் அவ்வளவு சின்னது, ஒரே வேளையில் நிறையப் போட்டு முடித்துவிட முடியாது. கடையில் வாங்கும்போது வயிறு உள்ளே ஒட்டியிருந்தால் எடுக்காதீர்கள், கண்ணெதிரே சாப்பிட வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

விஷத்தைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தப் பெட்டி மீன் குடும்பமே பயந்தால் தோலிலிருந்து நஞ்சு விடும். 1960களில் ஹவாய்ப் பெட்டி மீனிலிருந்து பிரித்தெடுத்து பஹுடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள், கிட்டத்தட்ட சோப்பு மாதிரி வேலை செய்கிற சரக்கு. நான் அனுபவித்தது ஒரே ஒரு தடவை. மணல் மாற்றும்போது புத்திகெட்டு வலையால் பிடித்து, க்ளவுன் மீன் ஜோடி இருந்த வாளியிலேயே இதையும் போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ரெண்டு க்ளவுனும் மல்லாந்து கிடந்தன. இது மட்டும் வேறு தண்ணீருக்கு மாற்றியதும் பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து வலை கிடையாது, டப்பாவால் தண்ணீரோடு மொண்டு எடுப்பதுதான், தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன் ஃபில்டரும் எப்போதும் ஓடுகிறது. எல்லோரும் பயமுறுத்துவது இதை, தொட்டிக்குள் இன்று வரை ஒரு முறைகூட நடக்கவில்லை. எனக்குப் பிரச்சினை எச்சில்தான்.

2005இல் மெர்சிடிஸ் ஒரு மாதிரிக் கார் செய்தது, மஞ்சள் பெட்டி மீனின் உடம்பைப் பார்த்து. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் உருவமாம். பத்து வருடம் கழித்து வந்த ஓர் ஆய்வு, அந்த உடம்புக்கு இழுவை அதிகம், நேராக நிற்கவும் அது உதவாது என்றது. என்னைக் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பேன். அலை மோட்டாரைக் கொஞ்சம் கூட்டினால் போதும், ஷேர் ஆட்டோவில் நின்றுகொண்டு போகிறவர் மாதிரித் தள்ளாடும்.

மிக்ஜாம் புயலை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4, கரண்ட் போனது, தெருவில் முழங்கால் தண்ணீர், பேட்டரி ஏர் பம்ப் ராத்திரிக்கு மேல் தாங்கவில்லை. நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிச் சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், காற்று கலக்கட்டும் என்று. எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் என்று கேள்விப்பட்ட பிறகு கடல் தண்ணீர் கொண்டுவரும் எண்ணமும் போனது. விடியற்காலை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குனிந்து பார்க்கிறேன், உயிரோடு இருக்கிறதா என்று. மூஞ்சியிலேயே ஒன்று விட்டது. என் மனைவி அந்த ரெண்டு நாளில் சிரித்தது அப்போதுதான்.

இருந்தாலும் நண்பனுக்குப் பதில் அதேதான், எடுக்காதே. நாலடித் தொட்டி வைத்திருக்கும் யாரும் எடுக்க வேண்டாம். ஈபி பில், மூன்று வேளைச் சாப்பாடு, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்ற சண்டை, எல்லாம் சேர்த்தால் நான் இதற்கு ரெண்டு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறார், போர்டை எதிர்ச்சுவருக்கு, தலைக்கு மேல் உயரத்தில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஆறடித் தொட்டிக்குத் தாங்கி எவ்வளவு உயரம் வரும் என்று கொளத்தூரில் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.