கிணற்று நீர் குடித்த கார்: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் பழைய ஜப்பானியக் காரின் வெப்பமானி முள் முதன்முதலில் சிவப்புக் கோட்டைத் தொட்டது, மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் கிளிநொச்சி நோக்கி வந்துகொண்டிருந்தபோது. நகருக்குள் ஊர்ந்து செல்கையில் அசையாத முள், வேகம் எடுத்தால்தான் ஏறியது. நின்ற இடத்தில் சூடேறினால் மின்விசிறியைச் சந்தேகிக்கலாம். ஓட்டத்தில் சூடேறினால் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றவில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

கராச்சில் இயந்திரத்தின் மேற்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு உடன்படாமல், மறுநாள் காலை இயந்திரம் முழுதாக ஆறியிருந்த நிலையில் (சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்) இயந்திரத் தண்ணீரை ஆற்றும் றேடியேற்றரின் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஓயாத குமிழிகள் இல்லை. எண்ணெய்க் கோலிலும் பால் கலந்தாற்போன்ற நிறம் இல்லை. ஹெட்டுக்கு அடியிலிருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கஸ்கற்றில் பிழையில்லை என்று ஓரளவு நிம்மதி. பிறகு மூடியைப் பூட்டிச் சூடேறவிட்டபோது மேற்குழாயில் கைவைக்க முடியவில்லை, கீழ்க்குழாயோ வெறும் வெதுவெதுப்பு. சூடான தண்ணீர் றேடியேற்றர் வழியே ஒழுங்காக ஓடவில்லை.

இயந்திரம் சூடானதும் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் வால்வான தேர்மோஸ்ரற்றைக் கழற்றி, நூலில் கட்டிச் சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். விளிம்பில் 82 பாகை என்று பொறித்திருந்தது; அந்தச் சூட்டில் அது திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பின்னரும் நகம் நுழையும் அளவுக்கே அது வாய் திறந்தது. "எங்கட வெயிலுக்கு உது தேவையில்லை, கழட்டி எறியுங்கோ" என்று அயலவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு இரண்டு மாதம் அது இல்லாமலே ஓடிப் பார்த்தேன். காலையில் இயந்திரம் சூடாக நெடுநேரம் எடுத்தது. பெற்றோலும் கூடுதலாகச் செலவானது. புதியதையே வாங்கிப் பூட்டினேன்.

அதன் பின்னரும் நீண்ட ஓட்டத்தில் முள் சற்று ஏறியது. றேடியேற்றர் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படையைக் கண்டேன். ஆண்டுக்கணக்கில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியது நான்தான். றேடியேற்றரைக் கழற்றி, கீழ்வாயிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் பாய்ச்சியபோது முதலில் துருநிறமும் பின்பு சுண்ணாம்புச் செதில்களுமாக வந்துகொண்டே இருந்தன. தெளிந்த பின், கூலன்ற் என்னும் குளிர்விப்புத் திரவத்தையும் பற்றரித் தண்ணீரையும் (காய்ச்சி வடித்த நீர்) சம அளவில் கலந்து நிரப்பி, மூடியைத் திறந்துவைத்து, சிக்கிய காற்று வெளியேறும்வரை இயந்திரத்தை ஓடவிட்டேன். இறுக்கம் தளர்ந்திருந்த மூடியையும் மாற்றினேன். அது அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் உள்ளிருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும்.

மூன்று ஆண்டுகளாகச் சித்திரை வெயிலிலும் முள் பாதியைத் தாண்டவில்லை. பின்பெட்டியில் பற்றரித் தண்ணீர்ப் போத்தல் ஒன்று எப்போதும் கிடக்கிறது. கேத்தலை மட்டும் இன்னமும் மாதம் ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கிறது.