அக்னெட்டா ஆண்டர்சன்: தனிப்படகா, இரட்டைப்படகா?

சுவீடனின் கயாக் படகோட்டி அக்னெட்டா ஆண்டர்சன் வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் 7. அவர் எதில் பெரிய வீராங்கனை, தனிப்படகிலா இரட்டைப்படகிலா? பதக்கங்களில் தங்கம் 3. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 500 மீட்டர் கே-1 (ஒருவர் ஓட்டும் தனிப்படகு), கே-2 (இருவர் ஓட்டும் இரட்டைப்படகு) இரண்டிலும் அவருக்கே தங்கம். தனியாக 1:58.72, அன்னா ஓல்சனுடன் 1:45.25. ஏறக்குறைய பதின்மூன்றரை விநாடி வித்தியாசம்! கே-1 படகின் குறைந்தபட்ச எடை 12 கிலோ, கே-2வுக்கு 18. ஆள் இரண்டானாலும் படகின் எடை இரண்டு மடங்காவதில்லை; நீளமும் கூடுவதால் வேகம் ஏறுகிறது.

தனிப்படகில் துடுப்பின் தாளம், திசை எல்லாம் ஒருவர் கையில். கடைசி 150 மீட்டரில் தோள் சோர்ந்தால் தாங்கிப்பிடிக்க ஆளில்லை. இரட்டைப்படகில் சிக்கல் வேறு. முன்னிருப்பவர்தான் வழக்கமாகக் காலால் சுக்கானைத் திருப்பித் தாளத்தையும் வகுப்பார். பின்னிருப்பவரின் துடுப்பு ஒரு நொடித்துளி தாமதமாக நீரில் இறங்கினாலும் படகு ஒரே சீராக ஓடாமல் உதறி உதறி ஓடும், பக்கவாட்டில் ஆடும். ஆட்டத்தைச் சரிக்கட்டவே பாதி பலம் போய்விடும். இருவரும் தனித்தனியே வேகமானவர்கள் என்பது மட்டும் போதாது.

1984 வெற்றியைச் சோவியத் அணி நாடுகளின் புறக்கணிப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்தப் போட்டியில் வலுவான கிழக்கு ஜெர்மானியர் வரவில்லை. பின்னாளில் ஜெர்மானியரோடு மோதி அவர் தங்கம் வென்றது இரட்டைப்படகில்தான்; அதனால் என் ஓட்டு இரட்டைப்படகுக்கே. சூசன் குன்னார்சனுடன் 1992 பார்சிலோனாவில் ஜெர்மனிக்கு அடுத்து வெள்ளி. 1996 அட்லாண்டாவில் அதே ஜோடி ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர், ரமோனா போர்ட்விச் இணையை 0.36 விநாடியில் முந்தியது. நேரம் 1:39.329. அப்போது அக்னெட்டாவுக்கு வயது 35.