சித்தூரிலிருந்து சித்தூருக்கு: செடிகளை வீட்டுச் சாமான் லாரியில் ஏற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆந்திரா சித்தூரில் 19 வருடம் குடியிருந்தோம். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், இந்த மே மாதம் அவருடைய பூர்விக வீட்டுக்கே வந்துவிட்டோம். அந்த வீடு பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில். தாலுகாவின் பெயரும் சித்தூர்தான். இந்தப் பெயர்ப் பொருத்தம் எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டத்தைக் கொண்டுவந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாடியில் 38 தொட்டிகள் வைத்திருந்தேன். குண்டுமல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, இரண்டு எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தியில் நான்கு நிறம், ஏழு அடினியம். குண்டுமல்லி என் அம்மா நகரி வீட்டில் பதியம் போட்டுக் கொடுத்தது. அம்மா போய் ஆறு வருடமாகிறது. பீரோ, கட்டில் எதைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை. சாமான் ஏற்றுகிறவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வியே செடிகளைப் பற்றித்தான்.

நான்கு பேரிடம் விசாரித்தேன். மூன்று பேர் "செடி எடுக்க மாட்டோம் மேடம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு யோசித்தால் அந்த மூன்று பேரும்தான் நேர்மையானவர்கள். நான்காவது ஆள் வீட்டுக்கே வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து அன்பாகப் பேசினார். "அக்கா, செடிக்குன்னே எங்ககிட்ட தட்டு வெச்ச வண்டி இருக்கு. உங்க சாமான் மட்டும்தான் ஏத்துவோம். ராத்திரி எடுத்தா மறுநாள் மத்தியானம் உங்க வீட்டு வாசல்ல நிக்கும்" என்றார். சாமானுக்கு 27,500 ரூபாய், செடிகளுக்குத் தனியாக 6,500. சாமான் மதிப்பு 2 லட்சம் என்று போட்டு, 3 சதவீதம் காப்பீடு என 6,000. முன்பணம் 20,000 கொடுத்தேன்.

அவர் கொடுத்த தாளில் செடி என்ற சொல்லே இல்லை. "இதர வீட்டுப் பொருட்கள், 38 உருப்படி" என்று எழுதியிருந்தார். கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான்கா எழுதுவோம்" என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், உயிருள்ள செடிகளுக்குப் பொறுப்பில்லை என்றும், வழியில் வண்டி மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் இருந்தது. அதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

ஏற்றும் நாளன்று வந்தது மூடிய கண்டெய்னர் வண்டி. தட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்த பையன்கள் ஸ்ட்ரெச் ஃபிலிம் என்ற இழுத்துச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் உருளையை எடுத்து, தொட்டியின் அடியிலிருந்து செடியின் நுனிவரை இறுக்கிச் சுற்றினார்கள். மல்லிகைக் கொடியை மூட்டை கட்டுவதுபோல் கட்டினார்கள். நான் தடுத்தேன். "காத்துல இலை உதிராம இருக்கும்மா" என்றான் ஒருவன். திறந்த வண்டியில் காற்று இலையைக் காயவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூடிய பெட்டிக்குள் ஃபிலிம் சுற்றினால், இலை விடும் ஈரம் வெளியே போக வழியில்லை. மே மாத வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும். உள்ளே செடி வெந்து அழுகும். பழைய பருத்தித் துணியோ சாக்கோ கொண்டு தளர்வாகச் சுற்றச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் சொன்னார்கள் என்று அன்று காலையிலேயே தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தேன். நனைந்த செம்மண்ணோடு பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்று 20 கிலோவுக்குக் குறையாது. தூக்க முடியாமல் பாதியைச் சாய்த்துப் போட்டார்கள். முந்தின நாளே ஊற்றி வடியவிட்டிருந்தால் மண் இறுகியிருக்கும், பாரமும் குறைந்திருக்கும்.

ஞாயிறு இரவு வண்டி கிளம்பியது. வேலூர், கிருஷ்ணகிரி, சேலம், கோயம்புத்தூர் வழியாக ஏறக்குறைய 450 கிலோமீட்டர். நாங்கள் ரயிலில் வந்து, திங்கள் மத்தியானம் வாசலில் காத்திருந்தோம். வண்டி வரவில்லை. போன் செய்தால், "சேலம் தாண்டிருச்சுக்கா" என்றார் அந்த நான்காவது ஆள். செவ்வாய்க்கிழமை போன் வந்தது: "வாளையார் செக்போஸ்ட்ல செடியப் பிடிச்சு வெச்சுட்டாங்க. வேற மாநிலச் செடிக்கு வரி கட்டணுமாம். 2,500 ஜிபே பண்ணுங்க."

என் கணவர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். கோயம்புத்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வருகிற வண்டி வேலந்தாவளம் வழியாக வரும், வாளையாருக்கு ஏன் போகிறது என்று கேட்டார். அந்தப் பக்கம் பதில் இல்லை. ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள், பணம் தருகிறோம் என்றார். போனை வைத்துவிட்டார்கள். ஜிஎஸ்டி வந்த 2017-லேயே வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். வீட்டில் பயன்படுத்திய சொந்தச் சாமானுக்கு இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) தேவையில்லை. எல்லை தாண்டி வீடு மாற்றுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், ரசீதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

புதன், வியாழன் போன் அணைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை வேறொரு வண்டி, வேறொரு டிரைவரோடு வந்து நின்றது. அந்தத் தம்பிமேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்தான் உண்மையைச் சொன்னார். "அக்கா, இது கோயமுத்தூர் குடோன்ல நாலு நாளாக் கெடந்துச்சு. அட்டையில போற ஊருன்னு வெறும் சித்தூர்னு மட்டும் இருந்துச்சு. ஆந்திராவுக்குப் போற சரக்குன்னு ஓரமா ஒதுக்கிட்டாங்க. நேத்துதான் பில்லைப் பார்த்தாங்க." எங்கள் முழு விலாசத்தையும் நான் எழுதித்தான் கொடுத்திருந்தேன். சாமான்களில் ஒட்டிய அட்டையில் அவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அங்கே பின்கோடு 517-இல் தொடங்கும், இங்கே 678. அந்த மூன்று எண்ணை எழுதியிருந்தால் போதும்.

கதவைத் திறந்ததும் வந்த வாடையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அழுகின கீரைக்கட்டு வாடை. ஃபிலிமைக் கிழித்தால் இலைகள் கறுத்துக் கையோடு வந்தன. கனகாம்பரம் முழுக்கப் போய்விட்டது. செம்பருத்தி நான்கும் போயின. ஒரு எலுமிச்சை அடித்தண்டிலேயே முறிந்திருந்தது. மல்லித் தொட்டி இரண்டாகப் பிளந்து, வேர் மண்ணில்லாமல் நான்கு நாள் காய்ந்து கிடந்திருக்கிறது. நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் வந்து என் கையிலிருந்த தண்டை வாங்கி, "விடு கண்ணு, விடு" என்றார்.

அன்று மாலையே இங்குள்ள கிருஷி பவனுக்கு, அதாவது அரசு வேளாண் அலுவலகத்துக்குப் போனோம். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒன்று இருக்கிறது. அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அழுகின பகுதியைச் சுத்தமான கத்தியால் பச்சைத் தண்டுவரை வெட்டச் சொன்னார். நேர்வெயிலில் வைக்காமல் நிழலில் வைக்க வேண்டும், புதுத் துளிர் வரும்வரை உரமே போடக் கூடாது, மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் என்றார். பரிதாபப்பட்டு நிறைய ஊற்றினால் வேரும் அழுகிவிடுமாம். அப்படிப் பிழைத்தவை 11. அடினியம் ஏழும் பிழைத்தன, அதன் பருத்த அடித்தண்டு தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். கறிவேப்பிலை அடியிலிருந்து துளிர்த்தது. மல்லி துளிர்க்கவில்லை.

பணம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் இருக்க வேண்டும், எண்ணிப் பார்த்தால் 13-தான் இருந்தது. ஆந்திராவில் பதிவு செய்திருந்தால் 37 என்று தொடங்கும், இது அப்படியும் இல்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. காப்பீட்டுக்கு வாங்கிய 6,000-க்குப் பாலிசித் தாள் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. பாலிசி எண் கையில் வராமல் காப்பீட்டுப் பணம் கொடுக்காதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பிறகு ஒப்புகையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் வழக்கே நிற்காது என்று வக்கீல் சொன்னார். ஆந்திராவில் பதிவு செய்ததற்கு அங்கே போய் அலைய வேண்டுமோ என்று பயந்தேன். வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. பாலக்காட்டில் கொடுக்கப் போகிறோம். அதனால்தான் அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை.

வக்கீல் முதலில் கேட்டது, ஏற்றும் முன் செடிகள் எப்படி இருந்தன என்பதற்குப் படம். என்னிடம் இருந்தது மாடியில் பேத்தியோடு எடுத்த இரண்டு படம் மட்டும். தொட்டி தொட்டியாகத் தேதியோடு எடுத்து வையுங்கள். இறக்கும்போது வண்டிக் கதவு திறப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். சேதத்தை டெலிவரித் தாளில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

செடிகளுக்கு மட்டும் ஒரு குட்டியானை பேசியிருக்கலாம். என் தம்பிக்குத் தெரிந்தவர் 13,000 கேட்டார், அதிகம் என்று விட்டுவிட்டேன். மேலே வலை கட்டி, ராத்திரியில் கிளம்பி, எங்கும் மாற்றாமல் விடியற்காலையில் வாசலில் இறக்கியிருப்பார். அதற்கும் வசதியில்லாதவர்கள், உயிராக நினைக்கிற செடியை மட்டுமாவது மூன்று மாதம் முன்பே பதியம் போட்டு, வேர் விட்டதும் கையோடு எடுத்து வாருங்கள். அம்மாவின் மல்லிக்கு நான் அதைச் செய்யவில்லை.

சித்தூரில் கீழ்வீட்டு அக்காவுக்கு நாலு வருடம் முன்பு அதிலிருந்து ஒரு பதியம் கொடுத்திருந்தேன். போன வாரம் அவரிடம் சொல்லி அழுதேன். கொடியை வளைத்து மண்ணில் பதித்துவிட்டதாக நேற்று படம் அனுப்பியிருக்கிறார். வேர் பிடித்ததும் நானே போய் மடியில் வைத்து எடுத்து வருவேன்.