கவுன்டரா, மேசையா? கடலுணவு உணவகத்தில் எதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது

அக்கம்பக்கத்தில் உள்ள, ஆடம்பரமற்ற, பாருடன் சேர்ந்த கடலுணவு உணவகத்துக்குள் நுழைந்தவுடன் எதிர்ப்படும் முதல் கேள்வி, கவுன்டரில் உட்காருவதா மேசையில் உட்காருவதா என்பதே. பெரும்பாலோர் எந்த இடம் காலியோ அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மெனுவைத் தருவதால் பெரிய வேறுபாடு எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கடலுணவைப் பொறுத்தவரை இந்த எண்ணம் சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. சில பதார்த்தங்கள் கவுன்டரில்தான் தம் முழு ருசியையும் தரும். வேறு சிலவற்றைக் கவுன்டரில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி ருசி வீணாகிவிடும்.

காரணம் மீனின் உடலமைப்பிலேயே இருக்கிறது. நிலத்தில் நடமாடும் விலங்குகளின் தசை நீண்ட இழைகளும் உறுதியான இணைப்புத் திசுவும் கொண்டது. மீனின் தசையிலோ குட்டையான இழைகள் அடுக்கடுக்காக அமைந்திருக்க, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே கொலாஜன் என்னும் இணைப்புப் புரதத்தாலான மெல்லிய படலம் மட்டுமே இருக்கும். நீரின் தாங்கலில் வாழும் உயிருக்கு அதற்கு மேல் தேவையில்லை. குறைந்த வெப்பத்திலேயே அந்தப் படலம் இளகிவிடுவதால்தான் வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிகிறது. மீன் அத்தனை விரைவில் வெந்துவிடுவதால், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு உள்ளே தங்கியிருக்கும் சூடே அதை மேலும் வேகவைத்து உலர்த்திவிடும். மீனின் நடுப்பகுதி 63 பாகை செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காகப் பரிந்துரைக்கும் அளவு. அதற்கு மேல் ஏறும் வெப்பம் சாற்றை வெளியேற்றி, சதையைச் சக்கையாக்குகிறது. ஆகவே சமையலுக்கும் நாக்குக்கும் நடுவில் கழியும் நிமிடங்களை எந்த இருக்கை குறைக்கிறது, எந்தப் பதார்த்தம் அந்த நிமிடங்களைத் தாங்கிக்கொள்ளும் என்பதை வைத்தே இரண்டு இடங்களையும் எடைபோட வேண்டும்.

பச்சையாகப் பரிமாறப்படும் ஆய்ஸ்டர் சிப்பியில் கவுன்டருக்குப் போட்டியே கிடையாது. சிப்பி திறப்பவர் பெரும்பாலும் பாரின் ஒரு முனையில், நொறுக்கிய பனிக்கட்டி நிரப்பிய தொட்டிக்குப் பின்னால் நிற்பார். மடித்த துணியால் சிப்பியை இறுகப் பிடித்து, இரண்டு ஓடுகளும் சேரும் கூர்முனையில் குட்டைக் கத்தியை நுழைத்து, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பியதும் மெல்லிய ஒலியுடன் ஓடு விடுபடும். பிறகு மேலோட்டின் உட்புறத்தை ஒட்டிக் கத்தியை இழுத்து, ஓட்டை மூடிப் பிடித்திருக்கும் தசையை அறுத்து, கீழோட்டிலிருந்தும் சதையை விடுவித்து, ஓட்டுச் சில்லு ஏதேனும் ஒட்டியிருந்தால் கத்தி நுனியால் அகற்றி, உள்ளிருக்கும் உப்புநீர் சிந்தாதபடி பனிக்கட்டியின் மேல் கிடையாக அமர்த்துவார். சிப்பியின் கடல் ருசி பெருமளவு அந்த நீரில்தான் இருக்கிறது. கவுன்டரில் இருப்பவர் அதை அடுத்த கணமே எடுத்து உறிஞ்சலாம். மேசைக்குப் போக வேண்டிய சிப்பிகளோ தட்டு நிறையும் வரை காத்திருந்து, கூட்டத்தினூடே ஆடி அசைந்து போய்ச் சேருவதற்குள், முதலில் திறந்த சிப்பியின் நீர் வழிந்தோடிவிட்டிருக்கும். கவுன்டரில் இன்னொரு வசதியும் உண்டு: ஆறு சிப்பிகளைச் சாப்பிட்டுவிட்டுப் பிடித்திருந்தால் இன்னும் ஆறு சொல்லலாம், பன்னிரண்டையும் ஒரே தட்டில் வாங்கிக் கடைசி நான்கை வெதுவெதுப்பாகச் சாப்பிட வேண்டியதில்லை.

திறப்பவரின் ஒழுங்கையும் கவுன்டரிலிருந்து நேராகக் காணலாம். சிப்பி திறக்கும் கணம் வரை உயிரோடிருக்க வேண்டும். வாய் பிளந்து கிடப்பதைத் தட்டிப் பார்த்து, மூடிக்கொள்ளாவிட்டால் தயங்காமல் எறிபவர் நம்பத் தகுந்தவர். இருக்கை எதுவானாலும் மாறாத உண்மை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்களை எலுமிச்சைச் சாறோ, காரமான சாஸோ, உடன் அருந்தும் மதுவோ கொல்வதில்லை. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் பச்சைச் சிப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் வெந்ததை மட்டுமே சாப்பிட வேண்டும்.

பொரித்தவற்றிலும் கவுன்டர் பக்கமே நான் சாய்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஏறத்தாழ 180 பாகைச் சூட்டில் உள்ள எண்ணெயில் மாவு பூசிய கணவாய் வளையங்களைப் போட்டால், மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறி, மேற்புறம் மொறுமொறுப்பாகிறது. வெளியே எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் சதையின் ஈரம் மெல்ல மெல்ல அந்த மேலுறைக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் மேலே போக வழியில்லாத நீராவி அடியில் கிடக்கும் துண்டுகளை முதலில் நனைத்துவிடும். கணவாய்க்குக் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு: இரண்டு நிமிடத்துக்குள் வெந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அரைமணி நேரத்துக்கு மேல் மெதுவாக வேக வேண்டும், இடைப்பட்ட நேரத்தில் அது ரப்பராகிவிடும். மேசையில் நான்கு பேர் நான்கு விதமான பதார்த்தங்களைச் சொன்னால், எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக அனுப்ப வேண்டும் என்பதற்காக, பொரித்த கணவாய் சூடு விளக்கின் கீழ் மற்றவற்றுக்காகக் காத்திருக்க நேரிடுகிறது. விளக்கு சூட்டைக் காக்கும், மொறுமொறுப்பைக் காக்காது. கவுன்டரில் ஒவ்வொன்றாகச் சொல்லி, வந்தவுடன் கையால் எடுத்துச் சாப்பிட முடிகிறது. நான் சொன்ன நிபந்தனை இதுதான்: சமையலறை பாருக்கு அருகில் இருக்க வேண்டும். பார் முன்வாசலிலும் சமையலறை பின்கோடியிலும் இருக்கும் கட்டடத்தில், பானம் கலந்துகொண்டிருக்கும் பார்டெண்டரால் தட்டை எடுத்துவர முடியாது. அங்கே சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையே மேல்.

கிரில்லில் வாட்டிய மீன் துண்டில் வேறுபாடு குறைவு. தடிப்பான துண்டாக இருந்தால் மேசை வரை தாங்கும். மெல்லிய துண்டாக இருந்தால் தாங்காது. அவ்வளவுதான்.

நண்டு, மட்டி, முழு மீன் ஆகிய மூன்றும் வந்தால் தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. அகலமில்லாத கவுன்டரில், இரு பக்கமும் அந்நியர்களின் முழங்கை இடிக்க, உயரமான ஸ்டூலில் அமர்ந்து நண்டை உடைப்பது யாருக்கும் இன்பம் தராது. ஓட்டுக்கு ஒரு கிண்ணம், கைகழுவ ஒரு கிண்ணம், உடைக்கும் கருவி, விரல் துடைக்கத் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக அவசரமற்ற ஒரு மணி நேரம் ஆகியவை நண்டுக்குத் தேவை. முழு மீனின் தோலும் முள்ளும் சதையின் சாற்றையும் சூட்டையும் காக்கின்றன என்பதால், துண்டு மீனைப் போல அது அவசரப்படுத்துவதில்லை. நடுவில் வைத்து, மேல்பக்கத்தை எடுத்து முடித்து, நடுமுள்ளை வாலிலிருந்து தூக்கி அகற்றி, கன்னச் சதையை யாருக்குக் கொடுப்பது என்று பேசித் தீர்மானிக்கும் நிதானம் மேசையில்தான் கிடைக்கும். மூடிய பாத்திரத்தில் வரும் மட்டியும் தன் சாற்றிலேயே சூடாக இருக்கும். மீந்த சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட நான்கு கைகள் நீளும் இடமே அதற்குப் பொருத்தம்.

இரைச்சலும் இங்கே கணக்கில் சேர்கிறது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், விமானத்தின் உட்புற அளவுக்கு உரத்த ஒலியைக் கேட்டுக்கொண்டே ருசி பார்த்தவர்களுக்கு இனிப்புச் சுவை மங்கியும், இறைச்சிச் சாற்றில் உணரும் உமாமி என்னும் சுவை கூடியும் தெரிந்ததாகப் பதிவு செய்தார்கள். நண்டுச் சதையின் மென்மையான இனிப்பு கிளைசின் போன்ற அமினோ அமிலங்களால் வருவது. வார இறுதி இரவில், பாட்டும் பேச்சும் குலுக்கும் பனிக்கட்டியும் சேர்ந்து முழங்கும் பார் அருகே அந்த இனிப்பை ரசிக்க முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நண்டுக்காகவே போகிறவர்கள் சுவரோரத்து மேசையைக் கேட்டு வாங்குவது நல்லது.

பானத்தில், இருக்கையை விடத் தேர்வே முக்கியம் என்றாலும், கவுன்டரில் சரியான தேர்வைச் செய்வது எளிது. சிவப்பு வைனும் மீனும் சேர்ந்தால் வாயில் ஒரு கவிச்சை எழுவதற்குக் காரணம் வைனில் உள்ள இரும்புச் சத்து என்று 2009ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்பு குறைந்த சிவப்பு வைன்களில் அந்தக் கவிச்சை எழவில்லை. புட்டியைப் பார்த்து இரும்பின் அளவை யாரும் அறிய முடியாது; ஆனால் கவுன்டரில் கேட்டால் ஒரு வாய் ருசி பார்க்கத் தருவார்கள் என்பதால், முழுக் கோப்பைக்குப் பணம் கொடுத்துவிட்டு வருந்த வேண்டியதில்லை. பொரித்ததற்குக் குளிர்ந்த பீரின் குமிழ்களும் லேசான கசப்பும் எண்ணெய்ப் பிசுக்கைக் களையும்; மது அருந்தாதவர்களுக்கு எலுமிச்சை பிழிந்த சோடா அதே வேலையைக் குறைவின்றிச் செய்யும்.

தகவல் அறிவதில் கவுன்டருக்கு இருக்கும் மேன்மையைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. இன்று எந்த மீன் வந்தது, எது நேற்றையது, பச்சையாகத் தருவது உறைய வைத்த மீனா என்பவற்றை அங்கே இயல்பாகப் பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம். உறைய வைத்தது என்ற பதிலைக் கேட்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. பச்சையாகப் பரிமாறும் பல வகை மீன்களை மைனஸ் 20 பாகையில் 7 நாள்கள் வைத்திருந்தால் அவற்றிலுள்ள ஒட்டுண்ணிகள் அழிந்துவிடும் என்பதால், அது அக்கறையின் அடையாளமாகவே இருக்கக்கூடும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைக் குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியாக்கள் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்கிவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. ஆகவே இந்த மீன் நாக்கில் மிளகுபோலச் சுறுக்கென்று குத்தினால், எந்த இருக்கையில் இருந்தாலும் அத்துடன் நிறுத்திவிட்டு உணவகத்தாரிடம் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் நான் கவுன்டரைப் பரிந்துரைக்க மாட்டேன். இறால், நண்டு ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணமான டிரோபோமயோசின் என்னும் புரதம் சூட்டில் சிதைவதில்லை. இறால் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்தாலும் அது ஒட்டிக்கொண்டு வரலாம். சிப்பி நீர் தெறிக்கும் இடத்தில், ஒரே கை பல தட்டுகளைத் தொடும் இடத்தில், இத்தகையவர்கள் உட்காராமல் இருப்பது நலம். மேசையில் பரிமாறுபவர் அதை எழுத்தில் குறித்துச் சமையலறைக்கு அனுப்ப முடியும். எண்ணெய் தனியா பொதுவா என்று கேட்டுவந்து பதில் சொல்லவும் அவருக்கு நேரம் இருக்கும். முதுகுக்குச் சாய்மானம் தேவைப்படும் முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் மேசையைத் தவிர வேறு வழியில்லை. தனியாக வருபவருக்கோ கவுன்டரே உகந்தது. நான்கு நாற்காலிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் சங்கடம் அங்கே கிடையாது.

மூன்று நான்கு பேராகப் போகும்போது நான் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். உள்ளே போனதும் மேசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் கவுன்டரில் நின்றபடியே ஆளுக்கு இரண்டு சிப்பியும் நடுவில் ஒரு தட்டுப் பொரித்த கணவாயும் முடித்துவிடுவோம். மேசை தயாரானதும் முழு மீனையோ நண்டையோ அங்கே சொல்வோம். இப்படிச் செய்பவர்கள், கவுன்டரில் ஆன தொகையை மேசைக் கணக்கோடு சேர்க்க முடியுமா, அங்கேயே தீர்த்துவிட வேண்டுமா என்பதை முதல் பானம் சொல்லும்போதே பார்டெண்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பல உணவகங்களில் பாரும் மேசைகளும் தனித்தனிக் கணக்கில்தான் நடக்கின்றன.